இடது கை

மார்ச் 11, செவ்வாய்

கடையில் நாள் முழுவதும் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பு. ஒன்றும் உடையவில்லை. வீட்டுக்கு வந்ததும் பகல் நர்ஸம்மாவை அனுப்பிவிட்டு, அப்பாவின் கட்டிலை உயர்த்தி, பாலில் ஊறிய ரொட்டியை ஊட்டினேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் மிஞ்சியது இடது கையும் ஒரு ‘ம்’மும்.

மார்ச் 13, வியாழன்

அடித்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று மாலை அப்பா பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். மறுபடியும். போர்வை, சட்டை, என் மடி. தட்டிவிட்ட அந்தக் கையைப் பட்டென்று அடித்தேன். புறங்கையில். அறையில் வேறு சத்தமே இல்லை. அழவில்லை. என்னைப் பார்த்தார்.

இன்று காலை முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கர்த்தரிடம்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று காலையும் கேட்டேன். கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். ஸ்பூனை எடுத்துப் போனால் அப்பாவின் இடது கை போர்வைக்குள் போய்விடுகிறது. கேட்டது போதவில்லையோ? மறுபடி முழங்கால். மறுபடி ஸ்பூன். மறுபடி போர்வை.

மார்ச் 22, சனி

கட்டில், மருந்து மேஜை, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். வெளியே போகலாம், போகிறேன்தான் — கடைக்கு அந்தக் கையும் கூட வருகிறது.

இன்று ஒருவர் கீறல் விழுந்த கண்ணாடியோடு வந்து முதலாளியிடம் சண்டை போட்டார். “தினமும் துடைக்கிறேங்க, அப்படியும் மங்கலா இருக்கு!”

“எதால துடைக்கிறீங்க?”

அவர் சட்டை நுனியைக் காட்டினார்.

“அப்ப கோடு போட்டது யாரு சார்? நானா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

ஏப்ரல் 5, சனி

நாளை திருவிருந்து, கர்த்தரின் உடலென்று ரொட்டியைப் பகிரும் ஆராதனை. எங்கள் சபைக்கு ரொட்டி வெட்டிக் கொடுப்பது எங்கள் வீட்டு வேலை. அம்மா போனபின் என் வேலை. ஓரங்களைச் சீவிவிட்டு, நடுவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்ட வேண்டும். முன்பெல்லாம் ஓரம் அத்தனையும் அப்பாவுக்கு. “நல்லவங்களுக்கு நடு, நமக்கு ஓரம்” என்பார். “பேசாம தின்னுங்க” என்பாள் அம்மா.

இன்று சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினேன். ஓரங்களைக் குப்பையில் போட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும். அத்தனை துண்டு. எனக்கு வெட்டவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனையில் ரொட்டித் தட்டு வந்தது. எடுக்காமல் பக்கத்தில் இருந்த தையல்கார அத்தையிடம் தள்ளினேன். அவர் குனிந்து, “பல்வலியா தம்பி?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

போகட்டும். இந்தப் பொய்யும் சேரட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா போனில் பேசினாள். குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினாள், வேறு எதற்கோ.

“தினமும் கேக்கிறியா? அதே விஷயத்தையா? முதல் நாளே அவர் மன்னிச்சு ஃபைலை மூடியாச்சு. நீ என்னடா, கடவுளுக்கே மேலதிகாரியா, தினம் திறந்து பார்க்க?”

“அப்பா கையை இழுத்துக்கறாரே.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“அவருக்குப் புரியாதுக்கா.”

“புரியாதவர் எதுக்குடா கையை இழுக்கிறார்?”

போனைக் காது மாற்றிப் பிடித்தேன். பிறகு, “நானும் அங்க இல்லையே” என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

தொண்டை வரை வந்தது. “தலையணையைச் சரி பண்ணட்டுமாப்பா?” என்று முடிந்தது. கர்த்தரிடம் பேசுவது ஏன் இவ்வளவு சுலபமாக இருந்தது? அவருக்குப் புறங்கை இல்லை என்பதாலா? — இல்லை. இருந்தது. அதில் சிலுவையின் ஆணி இருந்தது.

மே 3, சனி

நாளைய திருவிருந்துக்கான ரொட்டியை அப்பாவின் அறைக்கே கொண்டுபோய் வெட்டினேன். முகத்தைப் பார்க்காமல், கத்தியைப் பார்த்தபடி சொன்னேன். “அப்பா, அன்னைக்கு உங்க கையில அடிச்சிட்டேன். தப்பு. என்னை மன்னிச்சிடுங்கப்பா.”

“ம்.”

என்ன ‘ம்’? தண்ணீருக்கும் அதே ‘ம்’தான், வலிக்கும் அதே ‘ம்’தான். வெட்டிக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்ய? கடைசிச் சதுரமும் முடிந்தபோது போர்வை அசைந்தது. இடது கை வெளியே வந்து தட்டில் தடவி ஓரம் ஒன்றை எடுத்தது. தின்னப் போகிறார், தொண்டையில் சிக்கிவிடும் என்று பதறி எழுந்தேன். அவர் தின்னவில்லை. என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து வாயைத் திறந்தேன்.

எப்போது மன்னிக்கப்பட்டேன்? மார்ச் பதினான்கிலேயே. அதற்கும் வெகு முன்பே. கொடுத்தது கொடுத்தபடி இருந்திருக்கிறது. நான்தான் வாங்கிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இன்னொரு துண்டு வெட்டினேன்.

மே 4, ஞாயிறு

எடுத்துக்கொண்டேன். தையல்கார அத்தை, “பல்வலி போச்சா?” என்றார்.

“பல்வலி இல்ல அத்தை. வெளியே வாங்க, சொல்றேன்.”

மே 7, புதன்

காலை. ஸ்பூனைக் கண்டதும் கை போர்வைக்குள் போனது. முழங்கால் போடப் போனேன், பழக்கம். போடவில்லை. ஞாயிறன்று தின்றதை நினைத்து, “நன்றி ஆண்டவரே” என்று மட்டும் சொன்னேன். ஸ்பூனை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

பால் ஆறுவதற்குள் கை வந்தது.