பிள்ளையார் விளக்கும் நான் வெட்டிய ஒயரும்

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டு மிக்ஸியில் ஒயர் கருகியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பாதியில் நின்ற சட்னி நினைவுக்கு வரவில்லை, நீதான் வந்தாய். செத்து ஆறு வருஷம் ஆகியும் என்னைக் கடுப்பேற்ற உன்னால் முடிகிறது பார்!

இரண்டாயிரம் பிறந்த புதிதில் கடப்பாக்கத்துக்கு ஒரு பழைய காரைக் கொண்டுவந்தாய். சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒயர் செருகி, டாஷ்போர்டுப் பிள்ளையாருக்குச் சிவப்பு விளக்கு போட்டாய். சாவியை எடுத்தாலும் அந்த ஓட்டைக்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், ஒயர் சூடேறிக் கருகிய வாடை காரெல்லாம் வீசும். விளக்கு இரவெல்லாம் எரியும், விடிவதற்குள் பேட்டரி செத்திருக்கும். உன் வண்டியை நான் தள்ளிய தூரத்துக்குக் காசிக்குப் போய்த் திரும்பி, மறதியில் இன்னொரு தரமும் போயிருக்கலாம். முட்டுக்காட்டுப் பாலத்தில் தள்ளினேன். கருங்குழியில், கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு தள்ளினேன். "அணைச்சுத் தொலையேன்டா" என்றால், "சாமிய இருட்டுல வுட்டுட்டு நான் மட்டும் லைட்டு போட்டுக்கினு துன்றதா?" என்பாய்.

உன் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை வந்தது. மதுராந்தகம் போக வேண்டும். காலை பஸ்ஸை நம்ப முடியாது, உன் கார்தான் கதி. முதல் நாள் மாலை, பட்டத்து யானை போன்ற இந்த உடம்பை டாஷ்போர்டுக்கு அடியில் மடக்கித் திணித்தேன். லைட்டர் ஒயரை வெட்டி, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ரேடியோ ஒயரோடு சேர்த்தேன். நடுவில் ஒரு ஃபியூஸ். சாவியை எடுத்தேன், விளக்கு அணைந்தது. மின்சாரத்தைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட அவ்வளவு கர்வம் இருந்திருக்காது. நீ மட்டும் முகத்தைச் சுளித்தாய். "இன்னாடா, சாமி கண்ணு தொறக்க நான் சாவி போடணுமா?"

மறுநாள் காலை வந்தால், ஹால் டிக்கெட்டோடு உன் மகள் பின்சீட்டில். வண்டி இருமக்கூட இல்லை. சாவி அதிலேயே தொங்குகிறது, பாதி திருப்பியபடி.

"ராத்திரி பூரா இப்படியேவா வெச்சிருந்த?"

"பரீட்ச மச்சான். இன்னிக்குப் போயி வெளக்கு அணையலாமா?"

கத்த நேரமில்லை, தள்ளினேன். மீன் கூடையோடு போன இரண்டு பெண்கள் கூடையை இறக்கிவிட்டுக் கை கொடுத்தார்கள். "இன்னா அண்ணாத்த, இத்த ஓட்றீங்களா, மேய்க்கிறீங்களா?"

"மாமா, நானும் எறங்கட்டுமா?" என்றாள் உன் மகள், கெமிஸ்ட்ரி புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து.

"நீ படி கண்ணு!"

மூன்றாவது தெருமுனையில் என்ஜின் உறுமியது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடும் என்று, என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் பறந்தாய். மணி அடிக்கும் நேரத்தில் அவள் வாசலைத் தாண்டினாளாம். பிள்ளையார் புண்ணியம் என்று ஊரெல்லாம் சொன்னாய். தள்ளியது யார்?

இப்போதும் ரோட்டில் யார் வண்டி நின்றாலும் கால் தானாக ஓடுகிறது. தள்ளத் தள்ள வாய் உன்னைத்தான் திட்டுகிறது. தங்களைத் திட்டுவதாக நினைத்து வண்டிக்காரர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

நீ ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.