டெலிபோன் ஷவர்

9.2.1987, திங்கள்

ஷவரில் இன்று தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ரோசரியின் தலையில் போட்ட சோப்பு நுரை அப்படியே நின்றது. வாளியில் பிடித்து மோந்து ஊற்றி முடித்தேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர் நடுக்கம். துவட்டிவிட்டேன், புடவை சுற்றிவிட்டேன், நாற்காலியில் உட்கார வைத்தேன். மணி எட்டு.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது கை, வலது கால். பேச்சு திரும்பிவிட்டது என்கிறார் டாக்டர். திரும்பியிருக்கலாம். என்னிடம் வரவில்லை.

12.2.1987

துணைக்கு இருந்த வெள்ளையம்மாள் பொங்கலுக்கு உப்பிலியபுரம் போனவள் வரவேயில்லை. அதிலிருந்து நான்தான் குளிப்பாட்டுகிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். அவள் முதுகில் ஒரு மச்சம் இருப்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுதும்போது ஏதாவது தோன்ற வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

16.2.1987

பிளம்பர் மருதை வந்து ஷவரைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. கே.கே. நகர் போர் தண்ணீர் எல்லாம் இப்படித்தானாம். பைப்பும் உள்ளே உப்புப் பிடித்துவிட்டது, மாடித் தொட்டி உயரமும் போதாது, புது ஷவர் போட்டாலும் வேகம் வராது என்றான். தொட்டியை உயர்த்திக் கட்டலாம், இல்லையென்றால் சின்ன மோட்டார் வைக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது.

18.2.1987

பெரிய கடைவீதியில் அப்துல் சுக்கூர் கடைக்குப் போனேன். தட்டு அளவு அகலமாக ஒரு ஷவர், அதற்கேற்ற மோட்டார். மழை மாதிரி கொட்டும் என்றார். வாங்கிவிட்டேன். சீக்கிரம் நுரை போகும், சீக்கிரம் முடியும்.

ரோசரியிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. சொல்லத் தோன்றவில்லை.

21.2.1987

மாட்டியாயிற்று. பெங்களூரிலிருந்து மகள் லூர்துராணியின் கடிதம். அம்மா எப்படி இருக்கிறாள், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள். நலம், நலம் என்று பதில் போட்டேன்.

22.2.1987, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

அவளை உட்கார வைத்து ஸ்விட்சைப் போட்டேன். தண்ணீர் கல் எறிகிற மாதிரி தலையில் இறங்கியது. மூச்சு திணறிவிட்டாள். நல்ல கையால் சுவரைப் பிடிக்கப் பார்த்தாள், வழுக்கியது, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? நின்றேன். ஸ்விட்ச் வெளியே இருக்கிறது என்பது ஞாபகத்துக்கு வர எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

அடி ஒன்றும் படவில்லை. தூக்கி உட்கார வைத்தபோது என் முகத்தை நேராகப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக:

"என்னை... ஒரு வார்த்தை... கேட்டீங்களா?"

நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

23.2.1987

அவள் அதை மோட்டாரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

1976. டீச்சராக இருந்த அவளுக்குத் தொட்டியத்தில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக ஆர்டர் வந்தது. தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும். நான் ஒன்றும் சத்தம் போடவில்லை. விருப்பமில்லை என்று மேலிடத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்து, கையெழுத்துப் போடு என்றேன். போட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. அன்றிலிருந்து சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, கதவைச் சாத்துங்க, பால் வரலை. பதினோரு வருஷம் இதுதான் எங்கள் பேச்சு. வீட்டில் அமைதி இருக்கிறது என்று நான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். அமைதியா அது? கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இது புரிய இவ்வளவு நாளா.

24.2.1987

வரச் சொல்லியிருந்தேன், மருதை வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நேராக ரோசரியிடம் போய்த் தரையில் குந்திக்கொண்டான்.

"உங்களுக்கு எப்படி வேணும்னு சொல்லுங்கம்மா. குளிக்கிறது நீங்கதானே."

அவள் நிதானமாகச் சொன்னாள். கையில் பிடித்துக்கொள்கிற ஷவர். இடது பக்கச் சுவரில், உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி. வேகம் அளவாக இருந்தால் போதும், மோட்டார் வேண்டாம். கடைசியாக, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், அதுவும் இடது கைக்கு.

தாழ்ப்பாள் வேண்டாம், விழுந்தால் யார் பார்ப்பது என்றேன்.

"விழுந்தா கூப்பிடறேன்" என்றாள்.

27.2.1987

அவளும் கடைக்கு வருவேன் என்றாள். ஆட்டோவில் கூட்டிப்போனேன். இந்த வகைக்கு டெலிபோன் ஷவர் என்று பெயராம், பிடியும் குழாயும் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. அப்துல் சுக்கூர் என்னிடமே விளக்கிக்கொண்டிருந்தார். இவள் ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பளபளவென்று இருந்ததெல்லாம் கையில் கனத்தது. பிளாஸ்டிக்கில் ஒன்று, பார்க்க ஒன்றுமில்லை, கையில் நின்றது. அது போதும் என்று அவரிடமே சொன்னாள். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துப் பேசினார்.

நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

2.3.1987

மாடியில் தூண் எழுப்பித் தொட்டியை ஏற்றுகிறார்கள். பழைய பைப்பை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி.

5.3.1987

கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டேன். "போங்க" என்றாள். தாழ்ப்பாள் விழுந்தது.

நாற்காலியை இழுத்துக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் விழும் சத்தம், நிற்கும், மறுபடி விழும். எதுவோ உருண்டது. எழுந்தேன். "சோப்பு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு நிமிஷம். புடவையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, தானாக வெளியே வந்தாள்.

இனி காலையில் எனக்கு வேலை இல்லை. நல்லதுதான். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ.

6.3.1987

முப்பத்தைந்து நிமிஷம்.

7.3.1987

இன்று புடவையைச் சரியாகவே கட்டியிருந்தாள்.

8.3.1987, ஞாயிறு

பூசைக்கு வருகிறாயா என்று கேட்டேன். கேட்டேன் என்பதே எனக்கு ஆச்சரியம். அடுத்த வாரம் என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க குளிச்சு எத்தனை நாளாச்சு?"

எண்ணிப் பார்த்தேன், தெரியவில்லை. அவளைக் குளிப்பாட்டும்போது நானும் நனைவேன், அதோடு சரி. உள்ளே போய் அவள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து திறந்துவிட்டேன். தண்ணீர் சூடுமில்லை, குளிருமில்லை. தலையில் பிடித்தேன், கழுத்தில் பிடித்தேன். மேல் தொட்டி காலியாகிப் பைப்பில் காற்று வந்தது.

கதவைத் திறந்தால், வெளியே நாற்காலியில் அவள். இடது கையில் துண்டு.

"சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

"பைப்பா?"

"இல்ல. நீங்க."

அழுதேனா? எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அப்படியே அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். தலையில் துண்டைப் போட்டுத் துவட்ட ஆரம்பித்தாள். ஒரு கைதானே, வெகுநேரம் ஆயிற்று. குனிந்தபடி இருந்தேன்.