நம்பர் இல்லாத டிரான்சிஸ்டர்

மச்சான்,

சாலிடர் வைக்கும்போது கிளம்புமே ஒரு பிசின் புகை, அது இன்று காலை மூக்கில் ஏறியது. உடனே உன்னைத் திட்டவேண்டும் போலிருந்தது. நீ போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிற யாரும் உன் சர்க்யூட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை.

என் மகள் கலாவுக்கு நீ செய்துகொடுத்த பெட்டியைத்தான் சொல்கிறேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. காது கேட்காத பிள்ளை, பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருப்பாள். நானும் வீட்டுக்காரியும் வேலைக்குப் போயிருப்போம். வாசலில் யார் வந்து நின்றாலும் அவளுக்குத் தெரியாது. ஒரு காலிங்பெல்லை பல்பில் சேர்த்துவிடலாம் என்றேன். நீ சிரித்தாய். "நம்ம மைன்ஸ் லைன் வீட்ல எவன்டா பெல் அடிக்கிறான்? வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்புடுவான். கூப்புட்டா எரியணும், அதான் சர்க்யூட்டு."

அப்படியே செய்தாய். கதவருகே மைக், அடுப்படியில் பல்ப். குரல் இரண்டு வினாடி விடாமல் வந்தால்தான் எரியும். நாய் குரைத்தால் எரியாது, தட்டு விழுந்தால் எரியாது. "கலாஆஆ" என்று இழுத்துக் கூப்பிட்டால் எரியும். நம் ஊரில் கூப்பிடுகிற எவன்தான் இழுக்காமல் கூப்பிடுகிறான்?

கலாவுக்கு இப்போது நாலு மாசக் குழந்தை இருக்கிறது. மாப்பிள்ளை ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. நானும் அதே ரயிலில் பெங்களூர் போய் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டுக்காரிக்குக் கார்மெண்ட்ஸ் வேலை. போன மாதம் கலா துணி காயப்போடப் போய்த் திரும்பி வந்தபோது, குழந்தை அழுது அழுது முகம் கருஞ்சிவப்பாகி மூச்சுக்குத் திணறிக்கொண்டு இருந்ததாம். எவ்வளவு நேரம் அழுததோ, யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அவள் குழந்தையைப் புடவையால் உடம்போடு கட்டிக்கொண்டே சமைக்கிறாள், பெருக்குகிறாள். குழந்தை அழுதால் கையில் நடுங்குகிற பட்டை ஒன்றை மாப்பிள்ளை ஆன்லைனில் வாங்கித் தந்தார். நாய் குரைத்தாலும் நடுங்கியது, குக்கர் விசில் அடித்தாலும் நடுங்கியது. மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து கையால் பேசினாள்: மாமா செய்த பெட்டி எங்கே?

பரணில் இருந்து எடுத்தேன். மின்சாரம் கொடுத்தேன். கத்தினேன். பல்ப் அசையவில்லை. நீ அடிக்கடி தொட்டுப் பார்ப்பாயே, தகரத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர், அது செத்திருந்தது. அது போனால் பல்ப் எரியாது என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனாச்சே.

லீவு போட்டுவிட்டு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெங்களூரில் கடை கடையாய் ஏறினேன். எல்லோரும் ஒரே கேள்வி: நம்பர் என்ன? முதல் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பரைச் சுரண்டி வெச்சிருக்காங்களே சார், யார் செஞ்ச வேலை இது?"

"அதான் எனக்கும் தெரியலைங்க. எவனோ புத்தி கெட்டவன்" என்றேன்.

பொய் இல்லை, பாதி உண்மை. சுரண்டியது நான். ஞாபகம் இருக்கிறதா? தொட்டி நிறைந்தால் அடிக்கும் என்று நாம் செய்து விற்ற தண்ணீர் பெல்லை பங்காருபேட்டையில் ஒருத்தன் பிரித்துப் பார்த்து, அதேபோல் செய்து விற்க ஆரம்பித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் தங்கம் இருக்கிறதா என்று நம் உடம்பைத் தடவித் தடவி அனுப்பினார்கள் அல்லவா, அதில் எனக்கு எவனைப் பார்த்தாலும் திருடனாகத் தெரியும் புத்தி ஒட்டிக்கொண்டது. பிளேடு எடுத்து எல்லாப் பெட்டியிலும் நம்பரைச் சுரண்டினேன். விற்கவே போகாத என் மகள் பெட்டியையும் விடவில்லை. நீ தடுத்தாய். "டேய், நாளைக்கு நமக்கே தெர்யாம போயிடும்டா." நான் சொன்னேன்: "நீதான் இருக்கியே. உன்ன கேட்டுக்கறேன்."

சரி, நீயாவது எங்காவது எழுதி வைத்திருக்கக் கூடாதா? உன் வீட்டில் நோட்டு எல்லாம் புரட்டியாகிவிட்டது. மளிகைச் சாமான் லிஸ்ட் இருக்கிறது, சர்க்யூட் இல்லை. எல்லாம் தலையில் இருக்கிறது என்பாய். தலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஐந்தாவது கடையில் ஒரு அம்மா இருந்தார். நம்பர் கேட்கவில்லை. இது எதை எரிக்கிறது, எத்தனை வோல்ட் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தொப்பி விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன நாக்கை நகத்தால் தட்டினார். எஸ்.எல். நூறாக இருக்கும், இப்போதெல்லாம் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம், பதிலுக்கு பி.டி. நூற்று முப்பத்தொன்பது போடுங்கள் என்றார். "கால் மட்டும் மாறும், பாத்துப் போடுங்க." தெரியும் தெரியும் என்று தலையாட்டினேன். இரண்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பழையது இருந்த ஓட்டைகளிலேயே புதியதைச் செருகினேன். ஏன் செருகமாட்டேன்? எனக்குத் தெரிந்தது நீ சொன்ன ஒரே பாடம்தான்: "நடுக்கால் மேஸ்திரி. அவன் லேசா கண்ணைக் காட்னா போதும், மொத்த ஆளும் எறங்கிடும்." நடுக்காலை மேஸ்திரி ஓட்டையில் நம்பிக்கையோடு வைத்துச் சாலிடர் போட்டேன். மின்சாரம் கொடுத்ததும் விரல் சுட்டது, புகை வந்தது, பல்ப் வரவில்லை. அதையும் சுட்டுத் தின்றுவிட்டேன்.

கலா பார்த்துக்கொண்டே நின்றாள். முதுகில் குழந்தை. போனில் அந்த நம்பரைப் போட்டுப் படத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இந்தப் புதியதில் மேஸ்திரி ஓரத்தில் நிற்கிறான், மச்சான். நடுவில் நிற்பது வேறு ஆள். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? கடைக்கார அம்மா சொன்னபோது தலையாட்டியது நான்தான் என்பதையும் கலாவிடம் சொல்லவில்லை.

மீதி இருந்த ஒன்றின் கால்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வளைத்து, ஒரு காலுக்கு ஒயர் தோலை மாட்டி, இன்று காலை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தாள். மைக்கைத் தொட்டில் கயிற்றில் கட்டினேன். கலா அடுப்படியில் பல்புக்குக் கீழே போய் நின்றுகொண்டு, அழு என்று எனக்குக் கை காட்டினாள்.

காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். இருமல்தான் வந்தது. இன்னொரு தடவை அழுதேன், சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா? டேய், கொஞ்சம் குறைத்து வைத்திருக்கக் கூடாதா என்று உன்னைக் கேட்க வாயைத் திறந்தேன். "டேய்" என்று ஆரம்பித்தது. அது அப்படியே நீண்டுகொண்டு போய்விட்டது. உன்னைப் புதைத்த அன்று பந்தல்காரனோடும் வேன்காரனோடும் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தவன் நான். அன்றைக்கு இதற்கு நேரம் இருக்கவில்லை.

கலா ஓடி வந்தாள். எரிகிறது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து, போதும், நிறுத்துப்பா, அணைகிறதா என்றும் பார்க்கவேண்டும் என்று கையால் சொன்னாள்.

அந்தச் சோதனைக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது, மச்சான்.