ஈரக் காங்கிரீட்டில் லீக்ஸ் நாற்று

கரமனை, திருவனந்தபுரம்
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை ரத்னாபாய்க்கு, அக்கா பகவதி எழுதுவது. குன்னூர்க் குளிரில் நீயும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். சிமெண்ட் பட்டு விரலெல்லாம் வெந்து கிடக்கிறது. போனில் பேச வழியில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி உன் அத்தான் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வீடியோ உனக்கும் வந்திருக்கும். சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாராம். முற்றத்தில் மண்டியிட்டு, ஈரக் காங்கிரீட்டில் குழி போட்டு நான் லீக்ஸ் நாற்று நடுகிறேன். அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விதையை ஐஸ்கிரீம் டப்பாக்களில் விதைத்தேன். இந்த ஊர்ச் சூட்டுக்கு வராது என்றாய். முளைத்தபோது தலைமுடி மாதிரிதான் இருந்தது. வெயில் ஏறினால் கிணற்றடி நிழலுக்குத் தூக்குவேன், ஐப்பசித் துலாமழை அடித்தால் வீட்டுக்குள் கொண்டுவருவேன். நுனியைக் கத்தரித்துவிடச் சொன்னாயே, அதையும் செய்தேன். இப்போது வெங்காயத்தாள் மாதிரி நிமிர்ந்து பென்சில் கனத்துக்கு வந்துவிட்டது, ரத்னா. முற்றத்துப் பாத்தியைக் கொத்திச் சாணிப்பொடி போட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பத்மகுமார், ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் மலருக்காக என்னையும் நாற்றையும் படம் எடுக்க வந்தார். என் பின்னால் வந்து நின்ற அத்தானைப் பார்த்து, "நெல்லையப்பன் சாரே, ஒந்நு மாறி நில்க்குமோ?" என்று படத்தில் விழாமல் விலகி நிற்கச் சொன்னார். அத்தான் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து நாற்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். எப்போ நடப்போறே, என்னைக்கு நடப்போறே என்று தினமும் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து என் காரியம் ஒன்றை அவர் கேட்டது அதுதான் முதல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில், சுஜித் ஏதோ பார்சல் அனுப்பியிருக்கிறான், தம்பானூர் ஸ்டேஷனில் போய் வாங்கி வா என்றார். பிள்ளை அனுப்பியது என்றதும் ஓடினேன். அங்கே கால் கடுக்க நின்று கேட்டேன். அப்படி ஒன்றும் வரவேயில்லை. ஆட்டோவில் திரும்பி வந்தால், பாத்தி இருந்த இடத்தில் கொத்தனார் திரவியம் காங்கிரீட்டை மட்டம் இழுத்துக்கொண்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. "அக்காவுக்குத் தெரியும்னுல்லா சார் சொன்னாரு" என்றார்.

கார் நிறுத்த இடமாம். நம்மிடம் கார் ஏது? சுஜித் வருஷத்துக்கு ஒரு தடவை வருவதும் ரயிலில்தான்.

நான் சண்டை போடவில்லை. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, இதையெல்லாம் எங்கே நடுவேன் என்று மட்டும் கேட்டேன். படியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தவர், "ஏன், இடமா இல்ல? அங்கயே நடு. எப்படி வருதுன்னு பாப்போம்" என்றார்.

நட்டேன். குச்சியால் ஆழமாக ஒரு குழி, அதில் ஒரு நாற்று, மேலே எதையும் தள்ளி மூடாமல் தண்ணீர் மட்டும். நீ சொல்லித்தந்த முறைதான். வேண்டாம்க்கா, கை வெந்துரும் என்று திரவியம் கெஞ்சினார். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. வரிசை நேராக வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். நிமிர்ந்தபோதுதான் அத்தான் போனை என் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

விடிவதற்குள் காங்கிரீட் இறுகிவிட்டது. நாற்றெல்லாம் துவண்டு குழி வாயில் கிடந்தன. சுஜித் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். அவனிடம் எல்லாம் சொன்னேன். பார்சல் என்று என்னை ஏமாற்றியதையும் சொன்னேன். "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு அப்பா சொன்னாரும்மா. டாக்டர் சும்மா பேசத்தான் செய்வாரு" என்றான். அடுத்த வாரம் வியாழக்கிழமை மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்குமாம். என் சேலைகளை அவனே பையில் மடித்து வைத்துவிட்டான். நான் பெற்ற பிள்ளை, என் கண்ணைப் பார்க்காமல் மடித்தான்.

அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று நீ போனில் சொன்னதாக அத்தான் சொல்கிறார். நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். அம்மாவுக்கு வந்தது விஷக்காய்ச்சல். அந்த வேகத்தில் பிதற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள் நீதான். இங்கே வந்து அதை மட்டும் டாக்டரிடம் சொன்னால் போதும்.

குழிகளை அடைப்பதற்குத் திரவியம் வந்திருக்கிறார். ஜன்னல் வழியாக இதைக் கொடுத்துவிடப் போகிறேன். தபாலில் சேர்த்துவிடுவார்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உன் வீட்டில் நீ வைத்ததெல்லாம் தழைக்கட்டும். நீ வந்தால் அத்தான்தான் கதவைத் திறப்பார். அக்கா தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்பார். நான் தூங்குவதே இல்லை. வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு. அறையை வெளியே பூட்டியிருந்தாலும் எனக்குக் கேட்கும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
பகவதியம்மாள்