கரி டாக்சியில் கண்ணயராதே

காஜா பேராங்,
மலாக்கா.

சாரதாவுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும், உன் வீட்டுக்காரன் சேதுராமனைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. என்னைக் கேட்காமல் அவனைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனவளுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் குழந்தையோடு வருவதாகவும், தம்பினில் ரயிலை விட்டு இறங்கி டாக்சி பிடிப்பதாகவும் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட பிறகு தம்பினிலிருந்து இங்கே வர டாக்சியை விட்டால் வேறு வழியில்லை, தெரியும். ஆனால் நீ இருந்தபோது ஓடிய டாக்சி இல்லை இது. ஜப்பானியப் பட்டாளம் எடுத்தது போக ஊருக்குப் பெட்ரோல் இல்லாததால் காரின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டுகிறார்கள். போன மாதம் நானே அதில் வந்தேன். பின் சீட்டில் நானும் எதிர்வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் சிட்டிக்காரி சிவகாமியும். மழை பிடித்துக்கொண்டது, டிரைவர் சுப்பையன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். சிவகாமி பக்கத்துக் கண்ணாடி மட்டும் உடைந்து சாக்கு தொங்கியது. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. ரப்பர் மரங்கள் ஒன்றோடொன்று கரைந்து பச்சைத் தண்ணீராக ஓடின, கார் அதில் மிதந்தது. என் தோளில் நீ தலை சாய்த்திருந்தாய். முன் சீட்டில் சேதுராமன் இருந்தான், சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் சாப்பிட்டேன் மாமா என்றான், எனக்கு அது பிடித்திருந்தது. இந்த உலகத்தில் யார்மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சிவகாமி பாங்குன், பாங்குன் என்று கத்தி என் காதைத் திருகி எழுப்பினாள். அடுப்பு வாயு பின் சீட்டுக்குள் கசிந்திருக்கிறது. சாலையோரத்தில் என்னை இழுத்துப் போட்டார்கள், வாந்தியெடுத்தேன். அவளுக்குத்தான் தமிழ் வராதே, சாயங்காலம் உன் அம்மாவிடம் மலாயில் சொன்னாள்: அலாமாக், இந்த மனுஷன் தூக்கத்தில் சிரித்தார், இத்தனை வருஷத்தில் இவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, சரி, உயிர்தான் போகிறது என்று தெரிந்துகொண்டேன். உன் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதையும் நான் மறக்கப்போவதில்லை.

ஆகையால் கேள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார், பின் சீட்டுதான் கிடைக்கும் என்றால் அடுத்த காருக்குக் காத்திரு. கொட்டுகிற மழையானாலும் கண்ணாடியை இறக்கியே வை, நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். குழந்தையின் முகத்தைத் துணியால் மூடாதே, காற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள். மேட்டில் வண்டி திணறினால் இறங்கித் தள்ளச் சொல்வார்கள், நீ தள்ள வேண்டாம், ஆனால் இறங்கி நின்று நன்றாக மூச்சு விடு. தலை வலித்தால் சொல். வலிக்காமல் சுகமாக இருந்தால், மனம் லேசாகி நான்கூட உன்மேல் கோபமில்லாதவன் என்று தோன்றினால், அந்த இடத்திலேயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடு. அது உண்மை இல்லை, கரி செய்கிற வேலை.

கார் பண்டார் ஹிலிரில் நிற்கும். அன்று எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, அதனால் அங்கே இருப்பேன். நீங்கள் நல்லபடி வந்துசேர வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள், நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன். கண்ணாடியை மறக்காதே.

இதன் கீழே என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். அப்பா என்று இனி எழுதமாட்டேன் என்று நீ போன அன்றே சொல்லிவிட்டேன், சொன்னதை மாற்றுகிறவன் இல்லை. பெயரை மட்டும் எழுதினால் யாரோ எழுதியது போல இருக்கிறது. கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும்.