கீழே வைத்த கத்தி

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது என் விரல்களிலும் கராம்பு மணக்கிறது. உன் கத்திகள் ஏழும் என் சாப்பாட்டு மேசையில் வரிசையாகக் கிடக்கின்றன. வெள்ளவத்தைக் கடற்காற்று கதவுப் பூட்டைக்கூட விட்டுவைப்பதில்லை. இந்த ஜப்பான் உருக்கு ஒரு கிழமை எண்ணெய் காணாவிட்டால் செம்புள்ளி போட்டுவிடும். பழைய பெனியன் துணியில் கராம்பு எண்ணெயைத் தொட்டு, பிடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பாகத் துடைக்கிறேன். நீ செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். ஆசையோடு செய்கிறேன் என்று நினைத்துவிடாதே, மச்சான். அலுத்துக்கொண்டுதான் செய்கிறேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது. நீ போய் எட்டு மாதமாகிறது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நேரே அதற்கு வர எனக்குத் தைரியம் போதாது. சுற்றி வளைத்துத்தான் வருவேன். என் கதையின் நீளம் உனக்குப் புதிதல்லவே.

முதல் கத்தியை நீ எனக்குக் காட்டியது புதுக்கடையில், கோர்ட்டுக்குப் பின்னால் நாம் மத்தியானம் சாப்பிடும் கடையில். நான் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதர்; நீ கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க். கடுதாசிகளில் கையெழுத்து வாங்கக் கப்பலேறிய இடத்தில், ஒரு ஜப்பான் கப்பலின் சமையற்காரரிடம் அதை வாங்கியிருந்தாய். பத்திரிகைத் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மறுகையால் கத்தியை இறக்கினாய். தாள் சத்தமில்லாமல் இரண்டாகியது. கடை முதலாளி கல்லாவிலிருந்து எழும்பி வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் ஈக்கு. இதால கொத்துரொட்டி போடேலுமா?" என்று கேட்டார்.

நீ அதைத் துணியில் சுற்றிவிட்டாய். பஸ் நிறுத்தம் வரைக்கும் முகம் சரியில்லை. "இது கத்தி இல்ல மச்சான்," என்றாய். பின்னே என்னவென்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒராள் ஒழுங்கா செஞ்ச வேலை," என்றாய். நான் சிரித்தேன். நாளெல்லாம் பிழை பிழையாகத் தட்டச்சடித்த மனுக்களைத் திருத்துகிறவன் சிரித்திருக்கக் கூடாது.

அதற்காக உன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாய் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. "சைக்கிள் பெற்றோல் கேக்கும். கத்தி ஒண்டும் கேக்காது," என்றாய். ஆனால் கேட்டது. அடுத்தது கமெரா. பிறகு மர ஒலிபெருக்கிகளோடு இருந்த அந்த ஸ்டீரியோ செட். பிறகு தேக்கு அலுமாரி. ஒவ்வொன்று போகும்போதும் தூர தேசத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கைநீள மரப்பெட்டி, அதற்குள் தண்ணீரில் காற்றடித்ததுபோல் வரி வரியான ஒரு அலகு, பிடியருகே அதைச் செய்தவரின் பெயர் உளியால் வெட்டப்பட்டு. ஒன்றையாவது ஒரு வெங்காயத்தில் வைத்திருப்பாயா? கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எண்ணெய் போடுவாய், ஜன்னலடியில் பிடித்துப் பார்ப்பாய், திரும்பப் பெட்டிக்குள் வைப்பாய்.

மோட்டார் சைக்கிளைத் தவிர, விற்ற சாமான் எல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்தது. உன் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து ஏற்றிவருகிற அதே லொறிக்காரன் மூன்றாம் முறை, "அய்யே, நீங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் வீடு மாறுறதா?" என்று கேட்டான். என் மனைவி அதற்கும் மேலே போனாள். "உங்கட மச்சான்ட வீடு முழுக்க இஞ்ச வந்திட்டுது. இனி அவரும் வந்தா சரி."

நீ வரத்தான் செய்தாய். சனிக்கிழமைகளில் வந்து உன் செட்டில் உன் பாட்டைக் கேட்டாய். அலுமாரிக் கதவு உரசினால் நீயே மெழுகு தேய்த்தாய். எனக்கு அது நல்லதாகப் பட்டது. பைத்தியக்காரனின் சாமான் அந்நியர் கைக்குப் போகாமல் காப்பாற்றுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன்னோடு இருந்த உன் தங்கச்சிக்கு அது நல்லதாகப் படவில்லை. பிரிட்ஜை விற்றதை அவள் மன்னிக்கவேயில்லை. நாள் தவறாமல் மீன் வாங்க அவள்தானே சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. ஒருநாள் சம்பலுக்கு மாசிக் கருவாடு கொத்த ஒன்றும் கைக்கு அகப்படாமல், உன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டாள். மாசி என்ன, காய்ந்த விறகுத் துண்டு. நான்கு வெட்டில் அலகு பிறை பிறையாக உடைந்தது. நான் அங்கே இருந்தேன். நீ கத்தப்போகிறாய் என்று எழும்பி நின்றேன். நீ அவள் முகத்தைப் பார்த்தாய், பிறகு கத்தியைப் பார்த்தாய். "மாசியில பிழை இல்ல. கத்தியிலயும் பிழை இல்ல. ரெண்டையும் ஒரு வீட்டுல வச்சது என்ட பிழை," என்றாய். அந்தச் சம்பலை மூன்று பேரும் சாப்பிட்டோம். எட்டாக இருந்தது ஏழாகியது அன்றைக்குத்தான்.

பிறகு உன் நெஞ்சு. படியேறினால் பாதியில் நின்றாய். அடைப்பு, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டொக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க மாதக்கணக்காகும். தனியாரில் என்றால் அடுத்த கிழமையே செய்யலாம். உன் கத்திகளில் இரண்டை விற்றால் போதும், அவ்வளவுதான். நான் சொன்னேன், நீயும் சரி என்றாய். கத்தி வாங்க, கல்கிசையிலிருந்து ஒருவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தேன்.

கத்தியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எங்கள் சைவமோ உங்கள் கிறிஸ்தவ வேதமோ, இதில் வித்தியாசமில்லை. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். நீ எப்போதும் அப்படித்தான் செய்தாய். அன்றைக்கும் கல்கிசைக்காரர் கையை நீட்ட, நீ கத்தியை மேசையில் வைத்தாய். அவர் எடுத்துப் பெருவிரலால் அலகை அழுத்தி அழுத்திப் பார்த்தார். விலைக்கு ஒத்துக்கொண்டார். நீ அவர் கைரேகையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர். நான் இத விக்கப்போறதில்ல," என்றாய். அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "செத்துப்போவாய், விளங்குதா? உனக்கு உயிர் பெரிசா, இது பெரிசா?"

"இது பெரிசு எண்டு ஆர் சொன்னது? அந்தாளுக்கு மாட்டன். நீ வாங்கு."

"நானா?"

"மத்ததெல்லாம் நீதானே வாங்கினாய். உன்ட வீட்டுல இருந்தா எனக்குப் போன மாதிரி இல்ல. ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணெய் போட்டுட்டுப் போவன்."

அப்படிச் சொல்லிக்கொண்டு, ஒருநாளும் செய்யாத காரியமாக, கத்தியை நேரே என் கைக்கு நீட்டினாய். பிடி என் பக்கம் இருந்தது. நான் பழக்கதோஷத்தில் "கீழ வை" என்றேன். நீ வைத்தாய். வைத்துவிட்டு நான் எடுப்பதற்காகக் காத்திருந்தாய்.

நான் எடுக்கவில்லை. "என்னட்ட இப்ப அவ்வளவு சல்லி இல்ல மச்சான்," என்றேன்.

நீ கத்தியையும் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். "பரவாயில்ல. கவர்மெண்டுல நாள் வரட்டும்," என்றாய். பிளேன்ரீ ஊற்றித் தந்தாய். நான் குடித்துவிட்டு 155 பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஐந்தாவது கிழமை உன் தங்கச்சி அழைத்தாள். ஆஸ்பத்திரி நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

செத்தவீட்டில் எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான், அவன் விற்றதையெல்லாம் வாங்கித் தாங்கினாயே என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இதுதான் மச்சான், நான் சொல்ல வந்தது. என்னிடம் சல்லி இருந்தது. வங்கியில் நிலையான வைப்பில் இருந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் எடுத்திருக்கலாம். உனக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அந்தச் செட்டில் எனக்கு இருபத்தைந்து வயதிலிருந்து கண். அலுமாரியைக் கண்ட நாளிலிருந்து என் மனைவி அதைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. கமெராவும் எனக்குப் பிடித்தது. எனக்கு வேண்டியதை, நீ அவசரப்பட்டதால் குறைந்த விலைக்கு, நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு உதவி என்று பெயர் வைத்தேன். கத்தி எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டாத ஒன்றை உனக்காக வாங்கச் சொல்லி நீ என்னிடம் கேட்டது அந்த ஒரேயொரு முறைதான்.

போன மாதம் உன் தங்கச்சி ஏழு கத்தியையும் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தாள். கூரை ஒழுகுகிறதாம், விற்றுத் தரச் சொன்னாள். ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒருவரையும் பார்க்கவில்லை. நேற்று அவளே போன் எடுத்தாள். ஒருவரும் வேண்டாம், ஏழையும் நானே எடுக்கிறேன், அந்தக் கல்கிசைக்காரர் வைத்த விலைக்கே எடுக்கிறேன் என்றேன்.

"உங்களிட்ட அவ்வளவு சல்லி இருக்கா அண்ணே?"

"இருக்கு," என்றேன்.

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. அதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், மச்சான்.