ஓடைத் தண்ணீர்

கொதிக்கவைத்தும் ஓடைத் தண்ணீரில் சேற்று வாடை போகவில்லை. துணியை மடித்து இரண்டு முறை வடிகட்டிப் பார்த்துவிட்டேன். "மாடு எறங்கறதுக்கு முந்திப் போயிரோணும் புள்ள" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். இன்று எனக்கு நேரமாகிவிட்டது.

ஊருக்குத் தெரியாமல் மலையிறங்கிப் போய், நாம் இருவரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றோம். வேதத்தை வாசித்தவள் நான். எழுத்தறியாத நீ பக்கத்தில் உட்கார்ந்து மிளகை உதிர்த்தபடி கேட்டவள். என் விசுவாசம்தான் பெரியது என்று நினைத்திருந்தேன்.

கொல்லிமலை முழுவதும் மழை பொய்த்துச் சாமை கருகிய ஆண்டு அது. வேதக்காரர்களால்தான் சாமிக்குக் கோபம் என்று பேச்சு எழுந்தது. நாம் குடத்தோடு நின்றிருந்த ஊற்றடிக்கு ஊர்க்கவுண்டர் வந்து, "இதுல வேதக்காரி ஆரு?" என்றார்.

"நானுங்க" என்றாய்.

"காதுல உழுவல. சத்தமாச் சொல்லு."

"நான் வேதக்காரிங்க."

"அப்ப உன் வெள்ளக்காரச் சாமிகிட்டத் தண்ணி கேளு, போ!"

யாரோ சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, நீயுமா?"

வீட்டில் சண்டை வேண்டாமென்று, அம்மா பூசிய திருநீற்றைத் துடைக்காமல் வந்திருந்தேன். குனிந்து குடத்தின் வாயைக் கழுவினேன். நீ முந்திக்கொண்டாய். "அவ இல்லீங்க. நெத்தியப் பாருங்க."

நீ பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் மறுக்கவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நீ ஓடைக்கு இறங்கினாய். அந்தக் கோடை முடிவதற்குள் வயிற்றுப்போக்கு உன்னைக் கொண்டுபோயிற்று. கடைசி நாளில், செம்பில் ஊற்றுத் தண்ணீரை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்து, "இனிக்குது புள்ள" என்றாய். என்னைத் திட்டியிருக்கலாம்.

அதன்பிறகும் இரண்டு ஆண்டுகள் அந்த ஊற்றில்தான் எடுத்தேன். இன்று காலை அங்கே ஒருத்தி சொன்னாள்: "அந்த வேதக்காரி போனதுக்கப்புறந்தான் ஊத்து பெருகுது."

"நானும் வேதக்காரிதானுங்க" என்றேன்.

"என்ன கண்ணு? காதுல உழுவல."

இரண்டாம் முறை சொல்வதுதான் கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. சொன்னேன். குரல் உன்னுடையதைப் போல் இல்லை. அவர்கள் என் குடத்தைக் கவிழ்த்தார்கள். ஓடைக்குப் போனேன்.

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. "அவ இல்லீங்க" என்றாயே, இரண்டு ஆண்டுகள் அதை நான் உண்மையாக்கி வைத்திருந்தேன். நேற்று வரை நீ பொய் சொன்னவளாகவே இல்லை.